‘யெஸ்’ அழுத்தப் பழகிய நாடு

இன்னைக்கு எபிசோடுல ராஜா கிடையாது, போர் கிடையாது. ஒரு மஞ்சள் பட்டையோட வரலாறு.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டரை நினைச்சுக்கோங்க. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். பாதிப் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. மேலே ஒரு மஞ்சள் பட்டை. இப்போதுள்ள பாதுகாப்பு அமைப்பில் ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோலை ஓட்ட முடியாது, அதனால் பக்கம் சரியாகத் தெரியாமல் போகலாம் என்று சொல்கிறது.

அன்றைக்கு யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான். டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, கஸ்டம் லெவல். அங்கே ஆக்டிவ்எக்ஸ் என்று இருக்கிற வரிகளை எல்லாம் ‘எனேபிள்’ பண்ணு, ஓகே கொடு, ரீஸ்டார்ட் பண்ணு. பக்கம் வந்துவிடும். பிரச்சினை தீர்ந்தது, இல்லையா?

தீரவில்லை. அந்தப் பட்டை கோளாறே கிடையாது. அது ஒரு பூட்டு. பூட்டைக் கழற்றுவதைத்தான் ‘ரிப்பேர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தப் பழக்கம் ஒரு முழு நாட்டுக்கும் வந்தால் என்ன ஆகும்? தென்கொரியாவில் அதுதான் நடந்தது.

முதலில் 1996-க்குப் போவோம். அந்த வருடம் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ்எக்ஸைக் கொண்டுவந்தது. எழுத்தும் படமும் காட்டுவதோடு நிற்காமல், ஒரு குட்டி விண்டோஸ் புரோகிராமையே உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி ஓட்ட வெப் பக்கத்துக்கு வழி கிடைத்தது. அதே காலத்து ஜாவா ஆப்லெட்டைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. ஆக்டிவ்எக்ஸுக்கு வேலி இல்லை. நீங்கள் கம்ப்யூட்டரில் என்னவெல்லாம் செய்ய முடியுமோ, அத்தனையும் அதுவும் செய்யலாம்.

அப்போ பாதுகாப்பு? டிஜிட்டல் கையெழுத்துதான். இந்த புரோகிராமைச் செய்தது இன்னார் என்று ஒரு பெட்டி காட்டும். யெஸ்ஸா, நோவா என்று நீங்கள் முடிவு பண்ணணும். கூரியர் பார்சலில் அனுப்பியவர் பெயர் இருக்கும்; உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அந்தப் பெயர் உத்தரவாதம் கிடையாது. ஃபிரெட் மெக்லெய்ன் என்ற அமெரிக்க புரோகிராமர் அதே வருடம் இதை நிரூபித்தே காட்டினார். ‘எக்ஸ்ப்ளோடர்’ என்று ஒரு கன்ட்ரோல் எழுதினார். அந்தப் பக்கத்துக்குப் போனால் விண்டோஸ் 95 கம்ப்யூட்டர் தானாக ஷட்டவுன் ஆகிவிடும். அதற்கு வெரிசைன் நிறுவனத்தின் முறையான சான்றிதழும் வாங்கியிருந்தார்!

சரி, இதில் கொரியா எங்கே வருகிறது? அதற்கு அமெரிக்காவின் ஒரு சட்டத்தைப் பார்க்கணும்.

1990-களில் பலமான குறியாக்கம் அமெரிக்காவுக்கு ஆயுதம் மாதிரி. ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு. நெட்ஸ்கேப் பிரவுசர் உள்ளூர்க்காரர்களுக்கு 128 பிட், வெளிநாட்டுக்கு 40 பிட் என்று இரண்டு பதிப்பாக வந்தது. 40 பிட் என்றால் ஏறக்குறைய 1,10,000 கோடி சாவிகள். கேட்க பெரிசா இருக்கும். ஆனால் 1995-இல் டாமியன் டோலிகே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்களை வைத்து எட்டே நாளில் ஒரு 40 பிட் செய்தியை உடைத்துவிட்டார்.

இதை நம்பி வங்கிக் கணக்கை இணையத்தில் வைக்க முடியுமா? கொரியா யோசித்தது நியாயம்தான். 1998-இல் ‘சீட்’ என்ற சொந்த 128 பிட் குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1999-இல் மின்னணுக் கையெழுத்துச் சட்டம் வந்தது. அரசு அங்கீகரித்த சான்றிதழ் மக்களுக்குக் கிடைத்தது. உலகமே இணைய வங்கிக்குத் தயங்கிய காலத்தில், கொரியா ஓடியே போய்விட்டது.

ஒரே ஒரு சிக்கல். ‘சீட்’ எந்த பிரவுசருக்கும் தெரியாது. அதனால் அதை ஆக்டிவ்எக்ஸாக இறக்கி மாட்டினார்கள். சான்றிதழுக்கு ஒன்று, கீபோர்டைக் காக்க ஒன்று, ஃபயர்வாலுக்கு ஒன்று. வங்கி, வரி, ஷாப்பிங், எங்கே போனாலும் ‘யெஸ், யெஸ், யெஸ்’.

2000 ஜனவரியில் அமெரிக்கா தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 128 பிட் எல்லா பிரவுசருக்கும் வந்துவிட்டது. காரணம் போய்விட்டது, ஆக்டிவ்எக்ஸ் மட்டும் போகவில்லை. ஏன்னா, அதுக்குள்ள அது விதிமுறைகளுக்குள் உட்கார்ந்துவிட்டது. கார்டில் 3 லட்சம் வொன்னுக்கு மேல் இணையத்தில் பொருள் வாங்கினாலே அந்தச் சான்றிதழ் கட்டாயம். மேக், லினக்ஸ் வைத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள். கொரியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிம் கி-சாங் 2007-இல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். தோற்றார்.

இதில்தான் பெரிய வேடிக்கை. ஆக்டிவ்எக்ஸின் ஆபத்தை மைக்ரோசாஃப்டே உணர்ந்து, 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-இல் அந்த மஞ்சள் பட்டையை வைத்தது. 2007-இல் விஸ்டா இன்னும் இறுக்கியது. உடனே கொரிய வங்கித் தளங்கள் தடுமாறின. விஸ்டாவுக்கு மாறினால் இணைய வங்கி வேலை செய்யாமல் போகலாம் என்று அரசே மக்களை எச்சரித்தது. அதாவது, பாதுகாப்பு கூடுதலாக உள்ள கம்ப்யூட்டருக்கு இப்போது மாறாதீர்கள் என்று ஒரு அரசு சொல்ல வேண்டி வந்தது!

மென்பொருளைவிட மனிதனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எச்சரிக்கைப் பெட்டி வந்தால் நிறுத்தி யோசிக்கணும். ஆனால் பத்து வருடத்துக்கு மேல் வங்கியும் அரசும் சேர்ந்து, பெட்டி வந்தால் யெஸ் கொடு என்று மக்களுக்குப் பாடம் நடத்தின. அப்படிப் பழகிய விரலுக்கு உண்மையான வங்கிப் பெட்டிக்கும் திருடன் வைத்த பெட்டிக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

கடைசியில் பூட்டை அசைத்தது ஒரு டிவி சீரியல். ‘மை லவ் ஃப்ரம் த ஸ்டார்’ பார்த்த சீன ரசிகர்கள் கதாநாயகி போட்ட கோட்டை வாங்க நினைத்தார்கள். கொரியத் தளங்களில் வாங்க முடியவில்லை. 2014 மார்ச்சில் அதிபர் பார்க் கியூன்-ஹே இதைக் கூட்டத்தில் பேசினார். மே மாதமே அந்த 3 லட்சம் வொன் விதி போய்விட்டது. பேராசிரியர் கோர்ட்டுக்குப் போய் நடக்காதது, கோட்டுக்காக நடந்தது.

அந்தச் சான்றிதழின் தனியுரிமை முடிய 2020 டிசம்பர் ஆனது. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு விடைகொடுத்தபோது, கியோங்ஜு நகரில் ஒரு கொரிய எஞ்சினியர் அதற்குக் கல்லறைக் கல்லே வைத்தார்.

ஆனால் பழக்கம் சாகவில்லை. ஆக்டிவ்எக்ஸ் போன இடத்தில், தனியாக இறக்கி இன்ஸ்டால் பண்ணும் ‘பாதுகாப்பு’ புரோகிராம்கள் வந்தன. 2023 ஜனவரியில் விளாடிமிர் பலாண்ட் என்ற ஆய்வாளர் அவற்றைப் பிரித்துப் பார்த்து, பாதுகாப்புக்கு வைத்ததிலேயே ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டார்.

இது கொரியாவின் கதை மட்டும்னு நினைக்காதீங்க. இன்றைக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டால், நீங்கள் போகும் எல்லாத் தளங்களின் தகவலையும் படிக்கவா, மாற்றவா என்று குரோம் கேட்கும். ஒரு டார்ச் ஆப் உங்கள் கான்டாக்ட்ஸைக் கேட்கும். விரல் நேராக ‘அலவ்’ பட்டனுக்குப் போகும்.

வீட்டில் அப்பாவோ அத்தையோ கம்ப்யூட்டர் எரர் என்று கூப்பிட்டால், செட்டிங்கைத் திறப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்க. இது எது கேட்கிறது? எதற்காகக் கேட்கிறது? பதில் தெரியலைன்னா, பக்கம் பாதி வெள்ளையாகவே நிற்கட்டும். ஒண்ணும் குடிமுழுகாது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!