புல்லட் மோட்டார் சைக்கிள்: ஒலியும் உணர்வும்

சென்னை திருவொற்றியூரில் நெடுங்காலம் தயாரான ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், புல்லட். ஒரு பொருளின் வடிவமைப்பு மனித உணர்வை எப்படி ஆட்கொள்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த சான்று இது.

வரலாறு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932இல் புல்லட் என்னும் பெயரை அறிமுகப்படுத்தியது. பின்சக்கரத்தில் சஸ்பென்ஷன் கொண்ட 350 சிசி வகை 1940களின் இறுதியில் வந்தது. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் இதையே தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962க்குள் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது. 1977இல் சென்னை வண்டி அந்நாட்டுக்கே ஏற்றுமதியானது. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்துடன் இணைந்தது.

ஒலி

பழைய எஞ்சினில் ஒரே சிலிண்டர். விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 90 மி.மீ. கனத்த ஃபிளைவீல் இருப்பதால் மிக மெதுவாகவும் ஓடும். கிராங்க் இரு முறை சுற்றினால் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 1000 சுற்றில் விநாடிக்கு எட்டு வெடிப்புக்குச் சற்றே மேல்தான். எனவே ஒவ்வொரு ‘டப்’பும் காதில் தனியே விழும். இழுவைக்காகச் செய்த அமைப்பில் ஒலி தானாக விளைந்தது. மக்கள் அதில் மனத்தைப் பறிகொடுத்த பிறகே அது காக்க வேண்டிய சொத்தானது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் தன் எஞ்சின் ஒலிக்கே வணிகக்குறி கேட்டு 1994இல் விண்ணப்பித்து, 2000இல் கைவிட்டது.

உணர்வின் வகைகள்

வடிவமைப்பு எழுப்பும் உணர்வை வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் 2004இல் வெளியான தம் நூலில் மூன்றாகப் பிரித்தார். புல்லட்டில் மூன்றும் உண்டு.

1. புலன் நிலை: ஒலி, அதிர்வு, பெட்ரோல் டேங்க்கில் கையால் இழுத்த பொன்னிறக் கோடு.

2. பயன்பாட்டு நிலை: சாவியைத் திருகி, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷரைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே நகர்த்திவிட்டு, ஒரே உதை. பக்குவம் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கைவந்தவருக்கு வண்டி தன் சொல் கேட்கிறது என்ற பெருமிதம்.

3. நினைவு நிலை: அப்பா ஓட்டிய வண்டி, ராணுவ மிடுக்கு, கூட்டுப் பயணம். ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கம், நீலாங்கரை வழியே மாமல்லபுரம் போகும் புல்லட் அணிகள் இவ்வகைக்குச் சான்று.

இன்றைய நிலை

மாசு விதிகள் இறுகியதால் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றது. 2023இல் வந்த புல்லட்டில், அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் உள்ளது. ஓட்டச் சுகம் கூடியது. அசல் ஒலியோ பழைய வண்டிகளோடு நின்றுவிட்டது.