உலோகக் கண்ணாடிகளில் அணு விரவலும் கட்டமைப்புத் தளர்வும்

உருகிய உலோகக்கலவையை வினாடிக்குப் பத்து லட்சம் கெல்வின் அளவு வேகத்தில் குளிர்வித்தால், அணுக்கள் படிக ஒழுங்குக்கு வர அவகாசமின்றி, நீர்மத்தில் இருந்த தாறுமாறான அமைப்பிலேயே உறைந்துவிடும். இப்படிக் கிடைக்கும் படிக உருவற்ற திண்மமே உலோகக் கண்ணாடி. 1960இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் போல் டூவெஸ் குழுவினர் தங்கம்–சிலிக்கன் கலவையில் இதைச் செய்துகாட்டினர். அவசரத்தில் உறைந்ததால், சமநிலைக்குத் தேவையானதைவிடக் கூடுதலான வெற்றுப் பருமன் அதற்குள் சிக்கியிருக்கும். கண்ணாடி இளகத் தொடங்கும் மாறுநிலைக்குக் கீழான வெப்பநிலையில் சில மணி நேரம் வைத்திருந்தால், படிகமாகாமலேயே அணுக்கள் இன்னும் நெருங்கி அமர்கின்றன. இதைத்தான் கட்டமைப்புத் தளர்வு என்கிறோம். அடர்த்தி கூடுவது அரை விழுக்காட்டுக்குள்தான். ஆனால் அணுக்கள் இடம்பெயரும் வேகம், அதாவது விரவல் கெழு, கண்கூடாகக் குறைகிறது. முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கி, ஒரு நிலைத்த மதிப்பில் நின்றுவிடுகிறது.

இந்த இறக்கத்துக்கு எளிதில் தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு. படிக உலோகத்தில் அணு நகர்வது பெரும்பாலும் பக்கத்தில் உள்ள காலியிடத்துக்குத் தாவித்தான். கண்ணாடியிலும் காலியிடம் போன்ற பொந்துகள் உறைந்திருக்கும், தளர்வில் அவை மறைகின்றன, எனவே விரவல் குறைகிறது என்று பலர் கருதினர். இது பாதி உண்மைதான். உபரிப் பருமன் குறைகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பொந்துகள் போனபின் எஞ்சும் நிலைத்த விரவல் எதனால் நிகழ்கிறது என்பதே உண்மையான கேள்வி. அங்கும் வெப்பத்தால் தோன்றும் சில பொந்துகள் சமநிலையில் இருக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம்; அதைச் சோதிக்க வழி இருக்கிறது.

சோதனை எளிதானதல்ல. விரவல் கெழு வினாடிக்கு 10⁻²⁰ சதுர மீட்டர் என்றால், ஒரு மணி நேரத்தில் அணு கடக்கும் தொலைவு ஏறத்தாழ 12 நானோமீட்டர். கடைசலில் சீவி அளக்கக்கூடிய ஆழமல்ல இது. எனவே மேற்பரப்பில் கதிரியக்க அணுக்களைப் படியவைத்து, சூடாக்கி, பின்னர் ஆர்கான் அயனிக் கற்றையால் அடுக்கடுக்காகச் சுரண்டி, ஒவ்வோர் அடுக்கிலும் கதிரியக்கத்தை எண்ணுகிறார்கள். ஃபௌபெலும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் கோபால்ட்டை முதன்மையாகக் கொண்ட ஒரு கண்ணாடியில் கோபால்ட்-57, கோபால்ட்-60 இரண்டையும் ஒரே மாதிரியில் விரவவிட்டனர். இரண்டும் உமிழும் காமா கதிர்களின் ஆற்றல் வேறு என்பதால் தனித்தனியே எண்ண முடியும். ஒரே துண்டு, ஒரே சூடு, ஒரே நேரம் என்பதால் அளவீட்டுப் பிழைகள் விகிதத்தில் அடிபட்டுப்போகும். அணு தனித்துத் தாவினால், கனம் குறைந்த ஐசோடோப்பு நிறை விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப, அதாவது உச்ச அளவாக 2.6 விழுக்காடு, விரைந்து செல்ல வேண்டும். முகமைய படிகங்களில் காலியிடத் தாவல் இந்த உச்சத்தில் சுமார் முக்கால் பங்கைக் காட்டும். தளர்ந்த கண்ணாடியிலோ வேறுபாடு ஏறக்குறைய இல்லவே இல்லை. பல அணுக்கள் சேர்ந்து நகர்ந்தால்தான் ஒன்றின் நிறை இப்படிப் பொருட்டில்லாமல் போகும். நெரிசலான பேருந்தில் ஒருவர் வாசலுக்கு வர, வழியிலுள்ள பத்துப் பேரும் ஆளுக்குச் சிறிது அசைந்துகொடுப்பதைப் போன்றது இது. கணினி உருவகப்படுத்தல்களும் பத்துப்பன்னிரண்டு அணுக்கள் சங்கிலியாக நகர்வதைக் காட்டுகின்றன. அதே கண்ணாடியில் அழுத்தத்தைக் கூட்டியபோதும் விரவல் பெரிதாகக் குறையவில்லை. பொந்து உருவாகத்தான் வேண்டுமென்றால் அழுத்தம் அதைத் தடுத்திருக்கும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. கோபால்ட்–சிர்கோனியம் கண்ணாடியில் சிர்கோனியம் நகரும்போது கிளர்வுப் பருமன், அதாவது நகர்வுக்காக விரிய வேண்டிய பருமன், ஓர் அணுப் பருமனை நெருங்குகிறது. காலியிடம் பிறப்பதற்கு இது சான்றல்லவா? அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பருமன் விரிகிறது என்பது மட்டுமே இதில் தெரிகிறது. விரிந்த இடம் ஓர் அணுவின் அளவில் ஒரே புள்ளியில் குவிந்து கிடக்கிறது என்பதல்ல. பெரிய சிர்கோனியம் அணு வழிவிட, சுற்றியுள்ள பல அணுக்கள் சிறிது சிறிதாக ஒதுங்கியும் அதே மொத்தப் பருமன் வரலாம். பாகுநிலையை முன்வைத்து எழும் இன்னொரு மறுப்பு இதைவிடப் பலவீனமானது. தளர்வில் பாகுநிலை பல மடங்கு ஏறுகையில் விரவல் அவ்வளவு இறங்குவதில்லை. இது முரண்பாடல்ல, பொருள் வழிந்தோடவும் ஓர் அணு இடம்மாறவும் ஒரே வகை அசைவு தேவை என்ற அனுமானம்தான் கண்ணாடியில் செல்லுபடியாவதில்லை.

ஆக, உபரிப் பருமன் கூட்டு நகர்வை எளிதாக்கும் ஒரு துணை. நகர்வின் வழிமுறை அதுவல்ல. விநாடிக்குச் சில கெல்வின் வேகத்திலேயே உறையும் கனத்த துண்டுகளான சிர்கோனியக் கண்ணாடிகளில் உபரி குறைவாகவே சிக்குவதால், தளர்வால் விரவலில் நேரும் மாற்றமும் சிறிதாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நடைமுறையில் இதன் விளைவு ஒன்றுதான்: எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் முன்கூட்டிச் சூடாக்கப்பட்டது என்ற குறிப்பில்லாமல் தரப்படும் விரவல் கெழு, உலோகக் கண்ணாடியைப் பொறுத்தவரை பயன்படுத்தத் தகுந்த எண்ணே அல்ல.