பாலாற்றங்கரையில் பிறந்த விதி

ஓர் ஆலை சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதா என்ற வழக்கில் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? கிணறு உப்பாகிப்போன விவசாயியுடையது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. தன் தொழிலால் கேடில்லை என்று ஆலை முதலாளியே நிரூபிக்க வேண்டும் என்ற விதி, தோல் தொழிலை எதிர்த்து வேலூரிலிருந்து போன வழக்கில்தான் இந்தியச் சட்டத்துக்குள் வந்தது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். 1970களில், பதனிட்ட தோலைவிட முழுமையாக்கிய தோலே ஏற்றுமதியாக வேண்டும் என்று அரசுக் கொள்கை மாறியது. வேலை சீக்கிரம் முடியும் குரோமியப் பதனீடு பரவியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவானது. உப்பு, சுண்ணாம்பு, குரோமிய சல்பேட், அமிலம் எல்லாம் கலந்த அந்தக் கழிவுநீர் ஓடைக்கும் வயலுக்கும் பாலாற்றுக்கும் போனது. தோல் தொழில் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டது. தோல் ஆலைகள் இருந்த இன்னொரு வட்டாரமான திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஆய்வு நடந்தபோது, 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. வாதாடியவர் எம்.சி. மேத்தா. சுத்திகரிப்பு நிலையம் அமைக்கிறோம், இன்னும் அவகாசம் வேண்டும் என்று ஆலைகள் தவணை கேட்டுக்கொண்டே இருந்தன.

1996 ஆகஸ்ட் 28. நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசானுதீன், கே. வெங்கடசாமி தீர்ப்பளித்தார்கள். தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதை ஒப்புக்கொண்ட அமர்வு, அதற்காகச் சூழலை அழிக்கவோ மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கவோ அத்தொழிலுக்கு உரிமை இல்லை என்றது. உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆம் பிரிவையும், பொதுச் சுகாதாரத்தை அரசின் கடமையாக்கும் 47ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தது. கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்று 1992 ரியோ மாநாடு வரை உலகம் பேசிவந்த முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே, அதன்படி கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலை முதலாளியுடையதே என்று அறிவித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கை, அதே ஆண்டு பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கிலேயே நிலைபெற்றிருந்தது. வேலூர் தீர்ப்பு இரண்டையும் இணைத்தது.

உத்தரவுகளும் வெறும் அறிவுரையாக இல்லை. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிட, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம். வழக்கைத் தொடர்ந்து கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு. 2010இல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், தன் 20ஆம் பிரிவில் இவ்விரு கொள்கைகளையும் தீர்ப்பாயம் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என எழுதிவைத்தது.

விதி வேரூன்றிய வேகத்தில் ஆறு தேறவில்லை. ஆணையம் 2001இல் ஏறத்தாழ 29,000 பேருக்குச் சுமார் 27 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. ஆனால் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பெழுத வேண்டியிருந்தது: இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும், மேற்பார்வைக்கு ஒரு குழு வேண்டும் என்று. நிரூபிக்கும் சுமையை விவசாயியின் தோளிலிருந்து இறக்க நீதிமன்றத்தால் முடிந்தது. கழிவைத் தினமும் அளப்பதும், வரம்பு மீறினால் ஆலையை மூடுவதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. அதை ஒழுங்காகச் செய்திருந்தால் 28 ஆண்டு கழித்து இரண்டாவது தீர்ப்பு தேவைப்பட்டிருக்காது.