விபத்து இழப்பீடு: தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பெறும் வழி

சாலை விபத்து நடந்த வீட்டில் முதல் சில நாட்கள் மருத்துவமனையிலும் மையவாடியிலும் கழிந்து விடுகின்றன. இழப்பீடு பற்றிய பேச்சு பிறகுதான் வருகிறது. அப்போது பெரும்பாலான குடும்பங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தப்பு நம்ம பையன் மேலன்னு சொல்றாங்க, நமக்கு ஏதாவது கிடைக்குமா?"

கிடைக்கும். தவறு யாருடையது என்ற கேள்வியே எழாமல் இழப்பீடு பெறும் வழி நமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் விவரம் தெரியாமல் அந்த வழியில் இறங்கி, முப்பது லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில் ஐந்து லட்சத்தோடு முடித்துக் கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே தெரிந்து கொள்வோம்.

சட்டம் கடந்து வந்த பாதை

பழைய 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் இழப்பீடு. சாட்சி இல்லாத ஏழைக் குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பின. 1982-இல் கொண்டு வரப்பட்ட திருத்தம் இதை முதன்முதலில் மாற்றியது. தவறு யாருடையதாக இருந்தாலும் உயிரிழப்புக்கு ரூ.15,000, நிரந்தர ஊனத்துக்கு ரூ.7,500 என்று நிர்ணயித்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 140-ஆவது பிரிவு இதை ரூ.25,000, ரூ.12,000 என உயர்த்தியது. 1994-இல் அது ரூ.50,000, ரூ.25,000 ஆனது.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 140-ஆவது பிரிவை நீக்கி, 164-ஆவது பிரிவைப் புதிதாக எழுதியது. 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

164-ஆவது பிரிவு தருவது என்ன?

மோட்டார் வாகன விபத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகளுக்கு ரூ.5 லட்சம். கொடுங்காயம் அடைந்தால் காயம் அடைந்தவருக்கு ரூ.2.5 லட்சம். வாகன உரிமையாளர் அல்லது அந்த வாகனத்தின் காப்பீட்டு நிறுவனம் இதைக் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் தவறு செய்தார் என்று மனுதாரர் சொல்லவும் தேவையில்லை, நிரூபிக்கவும் தேவையில்லை. வேறு சட்டத்தின் கீழ் ஏற்கெனவே ஏதேனும் இழப்பீடு பெற்றிருந்தால் அந்தத் தொகை மட்டும் கழிக்கப்படும்.

'கொடுங்காயம்' என்றதும் கை கால் போனால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவு தரும் பட்டியலில் எலும்பு முறிவும் உண்டு. மூட்டு விலகுவதும் பல் உடைவதும் உண்டு. ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போவது, முகத்தில் நிரந்தர விகாரம், உயிருக்கு ஆபத்தான காயம், 15 நாட்கள் கடும் வலியில் கிடப்பது அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போவது ஆகியவையும் அதில் அடங்கும். எனவே காலில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பவர் "இது சின்ன அடிதானே" என்று விட்டுவிடக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

மிக முக்கியமான இடம் இதுதான். பழைய 140-ஆவது பிரிவின் கீழ் முதலில் ஐம்பதாயிரத்தை வாங்கிக் கொண்டு, முழு இழப்பீட்டுக்கான வழக்கைத் தனியாக நடத்தலாம். அந்த ஐம்பதாயிரம் கடைசியில் கழிக்கப்படும், அவ்வளவுதான். இன்றும் பலர் அதே நினைப்பில் இருக்கிறார்கள்.

இப்போது நிலைமை வேறு. 149-ஆவது பிரிவின்படி, காப்பீட்டு நிறுவனம் 30 நாட்களுக்குள் ஒரு தொகையைச் சொல்லிச் சமரசத்துக்கு முன்வரலாம். அந்த முறையில் 164-ஆவது பிரிவின் தொகையை ஏற்றுக் கொண்டால், 166-ஆவது பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தில் இருக்கும் முழு இழப்பீட்டு மனு காலாவதியாகிவிடும். பிறகு "குறைவாக வாங்கிவிட்டோம்" என்று திரும்பிப் போக வழியில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 35. சொந்தமாகச் சிறு கடை. மாத வருமானம் ரூ.15,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். எதிர் வாகனத்தின் தவறால் அவர் இறந்து விடுகிறார். உச்ச நீதிமன்றம் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் வகுத்த முறைப்படி கணக்கு இப்படி வரும்:

எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் ரூ.21,000. ஆண்டுக்கு ரூ.2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் ரூ.1,89,000. அவருடைய வயதுக்கான பெருக்கல் எண் 16. ஆக மொத்தம் ரூ.30,24,000. இதற்கு மேல் அடக்கச் செலவு, குடும்பத்தார் இழந்த துணைக்கான தொகை, வட்டி ஆகியவை வேறு.

விபத்தில் பாதித் தவறு இறந்தவர் மீது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தாலும் ரூ.15 லட்சத்துக்குமேல் கிடைக்கும். இப்போது ஐந்து லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் 164 யாருக்கு? தவறு முழுவதும் நம்மவர் மீதுதான் என்று ஆவணங்கள் சொல்லும்போது, சாட்சியோ கேமரா பதிவோ எதுவும் இல்லாதபோது, காயம் கொடுங்காயம் என்ற அளவுக்கு இருந்தும் செலவும் வருமான இழப்பும் இரண்டரை லட்சத்துக்குள் அடங்கும்போது 164 நல்ல வழி. ஆறு வாரத்தில் கூடிவிடும் எலும்பு முறிவுக்கு இரண்டரை லட்சம் நியாயமான தொகையாக இருக்கலாம். காலை இழந்த ஓட்டுநருக்கு அது போதாது. எந்தப் பிரிவு என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து, மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதுவரை எந்தச் சமரசத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆறு மாதம் என்ற கெடு

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது திருத்தப்பட்ட சட்டம். சில மாதங்கள் சிகிச்சையில் இருந்து பிறகு இறந்தாலும் கணக்கு விபத்து நாளிலிருந்தே தொடங்குகிறது.

நமது குடும்பங்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கணவனை இழந்த பெண் இத்தாவில் இருக்கும் காலம் நான்கு மாதம் பத்து நாள். "இத்தா முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று எல்லாவற்றையும் ஒத்தி வைத்தால் மீதம் இரண்டு மாதம்கூட இருக்காது. அதற்குள் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மருத்துவமனைத் தாள்களைச் சேகரித்து, மனுவும் போட்டாக வேண்டும். அந்தப் பெண் வெளியே வர வேண்டியதில்லை. சகோதரரோ மாமனாரோ காவல் நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலையலாம். வக்காலத்திலும் மனுவிலும் அவர் வீட்டிலிருந்தே கையெழுத்திடலாம். ஆண்கள் பொறுப்பெடுத்து முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டிய வேலை இது.

எங்கே, எந்த ஆவணங்களோடு?

மனு செல்ல வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். ஆந்திராவில் லாரி மோதியிருந்தாலும் ஆம்பூரில் இருக்கும் குடும்பம் தனது பகுதித் தீர்ப்பாயத்தையே அணுகலாம்.

சேர்த்து வைக்க வேண்டியவை:

• எஃப்.ஐ.ஆர். நகல். பாதிக்கப்பட்டவருக்கு இதை இலவசமாகத் தர வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாதீர்கள்.
• மருத்துவமனையில் முதலில் பதியப்படும் ஏ.ஆர். காப்பி. எந்த வாகனம் மோதியது என்று அதில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று யாரோ சொன்னது பதிவாகி, பின்னால் வழக்கையே பலவீனமாக்கும்.
• டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எல்லா மருந்து ரசீதுகளும். ஊனம் இருந்தால் மருத்துவக் குழுவின் சான்றிதழ்.
• உயிரிழப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்.
• வயதுக்கும் வருமானத்துக்கும் சான்று. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் என்றால் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகள்.
• எதிர் வாகனத்தின் பதிவு எண், காப்பீட்டு விவரம். எண் தெரிந்தால் எம்பரிவாஹன் செயலியில் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பார்த்துக் கொள்ளலாம்.
• மனுதாரர் பெயரில் வங்கிக் கணக்கு. சிறு பிள்ளைகளின் பங்கைத் தீர்ப்பாயங்கள் வழக்கமாக வங்கி வைப்பில் போட்டு வைக்கும்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்?

அதற்கும் 161-ஆவது பிரிவு இருக்கிறது. அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தால் ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம். விபத்து நடந்த பகுதியின் வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் விசாரித்து அறிக்கை அனுப்ப, மாவட்ட நிர்வாகம் அனுமதி வழங்கும். பிறகு அந்த வாகனம் கண்டுபிடிக்கப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

சொந்த வண்டியில் தானே விழுந்தவருக்கு?

வண்டியின் உரிமையாளரே ஓட்டிச் சென்று, வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படாமல் விழுந்தால், தனது காப்பீட்டு நிறுவனத்திடமே மூன்றாம் நபர் இழப்பீடு கேட்க முடியாது. அவருக்கு உள்ள பாதுகாப்பு, உரிமையாளர்–ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. உயிரிழப்புக்கு ரூ.15 லட்சம். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். பாலிசி புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க இதை விட்டுவிடுபவர்கள் நிறைய. பின்னால் உட்கார்ந்து செல்லும் மனைவி மக்களுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால், குறைந்தபட்ச மூன்றாம் நபர் பாலிசியோடு நிற்காமல் முழுமையான பாலிசி எடுப்பதே நல்லது.

சிகிச்சைச் செலவு

2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டப்படி, விபத்தில் காயமடைந்தவருக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் ஏழு நாட்களில் ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மருத்துவமனையில் சேர்க்கும்போதே இதைக் கேளுங்கள். அடிபட்டவரைத் தூக்கிச் சேர்ப்பவர், தன் பெயரைச் சொல்லவோ சாட்சியாக வரவோ கட்டாயமில்லை என்று சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. போலீஸ் கேஸுக்குப் பயந்து யாரும் விலகிப் போக வேண்டாம்.

பேசி முடிக்கும் பழக்கம்

ஊரில் அடிக்கடி நடப்பது இது. வண்டிக்காரர் தெரிந்தவராக இருப்பார். "கேஸ் வேண்டாம், ஆஸ்பத்திரி செலவை நான் பார்த்துக்கிறேன்" என்பார். பெரியவர்கள் உட்கார்ந்து ஐம்பதாயிரத்துக்குப் பேசி முடிப்பார்கள். எஃப்.ஐ.ஆர். பதியாமலே போய்விடும். மூன்று மாதம் கழித்து காலில் மீண்டும் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லும்போது கையில் எந்தத் தாளும் இருக்காது.

இழப்பீட்டை அந்த வண்டிக்காரர் தன் கையிலிருந்து தருவதில்லை. காப்பீடு நடப்பில் இருந்தால் நிறுவனம்தான் தரப் போகிறது. இதற்காகத்தான் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயக் காப்பீடு. எனவே வழக்குப் பதிவதை உறவை முறிக்கும் செயலாகப் பார்க்க வேண்டியதில்லை. ஜமாஅத் பெரியவர்கள் இதை இரு தரப்புக்கும் எடுத்துச் சொன்னாலே பல குடும்பங்கள் காப்பாற்றப்படும்.

மருத்துவமனை வாசலிலேயே வந்து "பாதிக்குப் பாதி" பேசும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேசுவது வழக்கறிஞர்களுக்கே விதிப்படி அனுமதிக்கப்பட்டதல்ல. பணம் இல்லாதவர்களுக்கு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லை. தொலைபேசி எண் 15100.

போன உயிருக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. ஆனால் அந்த உயிரை நம்பியிருந்த பிள்ளைகளின் படிப்பும் உணவும் நமது கவனத்தை நம்பி இருக்கின்றன. இந்த விவரங்களை விபத்து நடக்கும் முன்பே நான்கு பேருக்குச் சொல்லி வைப்போம்.