காணியற்றோரும் வீட்டுரிமையும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் மக்கள் வழங்கும் பழமொழி. மாடமாளிகை வேண்டும் என்று அம்மொழி கேட்கவில்லை. பிறனொருவன் வந்து 'எழும்பு' என்று சொல்ல இயலாத ஓர் இடம் வேண்டும் என்றே கேட்கிறது. அவ்விடத்தை ஏழைக்குப் பெற்றுத் தருவதாகக் கூறி இந்நாட்டு ஆட்சிகள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திட்டங்கள் வகுத்து வந்துள்ளன. அவற்றால் வீடு பெற்றவர் பலர், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு திட்டத்தின் வாயிலிலும் ஒரே வகை மக்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் யார்? ஏன் நிறுத்தப்பட்டார்கள்? யாழ்ப்பாண மாநகரின் கிழக்கு விளிம்பில், கடனீரேரியைத் தொட்டு நிற்கும் கொழும்புத்துறையில் வாழ்பவர்க்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. சோலைவரிப் புத்தகத்தில் பெயர் உள்ளவனும், எவன் பெயரிலோ உள்ள வளவில் கொட்டில் போட்டிருப்பவனும் ஒரே ஒழுங்கையில் வாழும் ஊர்களுள் இதுவும் ஒன்று.

விடையை வீட்டில் தேடுதல் பயனற்றது. காணியில் தேடுதல் வேண்டும். 1706ஆம் ஆண்டு ஒல்லாந்த ஆளுநரின் பணிப்பின்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி நம் நாட்டு வழமைகளைத் திரட்டினார். 12 முதலியார்கள் அதனைப் பார்த்து ஒப்பினர். அதுவே தேசவழமை. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்து, அது எவ்வழி இறங்கும் என்று அந்நூல் விரிவாகச் சொல்கிறது. அதே நூலில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. சொத்துடையோர்க்கு வழிமுறை சொன்ன சட்டம், சிலரையே சொத்தாக எண்ணிற்று என்பதை நாம் மறத்தலாகாது. 1806இல் ஆங்கில ஆட்சி இவ்வழமைகளுக்கு முழுச் சட்டவலு அளித்தது. 1844இல் அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்தவன் கையில் சுதந்திரம் இருந்தது. காலடியில் ஒரு குழி நிலமும் இருக்கவில்லை. முன்பு எவன் வளவில் இருந்தானோ அவன் வளவிலேயே தொடர்ந்து இருந்தான். கட்டாயத்தால் செய்த ஊழியத்தை, இனிக் குடியிருக்கும் நன்றிக்காகச் செய்தான்.

காணியை விலைக்கு வாங்கலாமே என்று கேட்பவர் உளர். வாங்குவதற்குப் பணம் வேண்டும் என்பது ஒருபுறம். தேசவழமையின் முற்கொள்ளல் உரிமை மறுபுறம். காணி விற்க எண்ணுபவன் வாரிசுகளுக்கும் பங்காளருக்கும், சில நிலைகளில் அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்பது அவ்வுரிமை. பரம்பரைக் காணி பிறர் கைக்குப் போகாமற் காக்க எழுந்த இவ்விதி, 'பிறர்' எனப்பட்டவர்களுக்குச் சுவராகவே நின்றது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அயற்காணிக்காரரின் உரிமையை நீக்கிப் பங்காளர்க்கும் வாரிசுகளுக்கும் மட்டும் அதனைச் சுருக்கிற்று. எழுத்திலிருந்த சுவர் தாழ்ந்தது. ஊர் மனத்திலிருந்த சுவரோ தாழ்ந்தபாடில்லை.

இனி நகர ஆட்சியின் வரலாற்றைப் பார்ப்போம். 1914இல் கொழும்பு நகரில் பிளேக் நோய் பரவியது. மறுவருடமே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஏழையின் இருப்பிடம் நகர ஆட்சியின் கண்ணில் முதன்முதல் பட்டது நோயின் உறைவிடமாகவே. ஆகையால் அச்சட்டம் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கவும் மறுக்கவும், குடியிருக்கத் தகாததை மூடவும் இடிக்கவும் வழிவகுத்தது. இடிக்கப்பட்டவன் எங்கே போவான் என்ற கேள்வி அதன் உயிர்நாடியாக இருக்கவில்லை. 1949இல் யாழ்ப்பாணம் மாநகர சபையாக உயர்ந்தபோது இந்த அதிகாரமே அதன் கைக்கு வந்தது. சோலைவரி அறவிடலாம், வரைபடத்தில் முத்திரை குத்தலாம், வடிகால் வெட்டலாம். வீடற்றவனுக்கு வீடு கொடுப்பது கொழும்பின் வேலையாயிற்று. 1954இன் தேசிய வீடமைப்புச் சட்டம் கடன் கொடுக்கும் பொறுப்பை மத்திய அரசின் திணைக்களத்திடம் வைத்தது. கடன் பெறுவதற்கு ஈடு வேண்டும். ஈட்டுக்கு உறுதி வேண்டும். உறுதி இல்லாதவன் அப்போதே வெளியே நின்றான்.

நகர ஆட்சி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதியில்லை. முதலாம் உலகப் போருக்குப் பின் வியன்னா நகரசபை உழைப்பாளர் கட்சியின் கைக்கு வந்தது. 1923இல் அந்நகரம் வீடமைப்பு வரி என ஒன்றை விதித்தது. சிறு குடிலுக்கு மிகச் சிறிய வரி. செல்வர் மாளிகைக்குப் பன்மடங்கு வரி. அப்பணத்தைக் கொண்டு 1934 வரையில் 60,000க்கு மேற்பட்ட குடியிருப்புகளை நகரசபையே கட்டிற்று. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் மாளிகையில் மட்டும் 1,382 குடியிருப்புகள் இருந்தன. 1934 பெப்ரவரியில் பிற்போக்காளரின் பீரங்கிகள் முதலில் குறிவைத்த இடங்களுள் அதுவும் ஒன்று. ஏழைக்கு வீடு கட்டிய நகரசபையை எவர் பகைத்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வியன்னா வாடகைக்கன்றோ வீடு கொடுத்தது, சொந்தமாகவன்றே என்று ஒரு வினா எழும். அது நியாயமான வினா. 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், தொழிலாளிக்குச் சிறு வீட்டைச் சொந்தமாக்குவதே தீர்வு என்றவர்களைக் கடுமையாக மறுத்தார். சொந்த வீடு தொழிலாளியை ஓரிடத்திற் கட்டிப்போடும், வீட்டு வாடகை இல்லை என்பதைக் காட்டி முதலாளி கூலியைக் குறைப்பான் என்பது அவர் வாதம். ஆலைகள் நிறைந்த ஐரோப்பிய நகரத்துக்கு அது பொருந்தும். நம் ஊரின் கட்டு வேறு. இங்கே ஏழையைக் கட்டிப்போட்டது சொந்தக் காணியன்று; பிறன் காணி. கூலியைக் கூட்டிக் கேட்டாலும், கோயில் வாசலுக்குள் நுழைந்தாலும், தேநீர்க் கடையில் சரிசமமாக அமர்ந்தாலும் 'வளவை விட்டு எழும்பு' என்ற ஒரு சொல் அவன் வாயை அடைத்துவிடும். எனவே நம் நாட்டில் குடிநிலத்து உரிமை என்பது சிறு முதலாளி ஆசையன்று. அடிமைத்தனத்தின் கடைசிக் கயிற்றை அறுப்பதாகும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1966 முதல் நடந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்கள் அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தன. கடையும் கோயிலும் திறந்தன. வளவின் படலை மட்டும் திறக்கவில்லை.

1970இல் அமைந்த கூட்டரசாங்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சரானார். 1972இல் வாடகைச் சட்டம் குடியிருப்போனைக் காத்தது. 1973இன் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் அதனினும் துணிவானது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு அது எல்லை வகுத்தது. மிகுதியை அரசு ஏற்றுக் குடியிருந்தவனுக்கே உரிமையாக்க வழிசெய்தது. இந்நாட்டு ஆளும் வர்க்கத்தின் நரம்பைத் தொட்ட சட்டங்களுள் அது ஒன்று. ஆயினும் அது கொழும்பை மனத்திற்கொண்டு எழுந்த சட்டம். அங்கே ஏழை, வீட்டுக்காரனின் வீட்டில் வாடகைக்கு இருந்தான். இங்கே ஏழை, தன் கையாற் கட்டிய கொட்டிலில் இருந்தான். கொட்டில் அவனுடையது, அதன் கீழிருந்த மண் பிறனுடையது. மேலதிக வீட்டைப் பறிக்கும் சட்டம் அம்மண்ணைத் தொடவில்லை. அதே 1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டமோ தோட்டக் காணிக்கு 50 ஏக்கரும் வயலுக்கு 25 ஏக்கரும் என உச்சவரம்பு வைத்தது. பரப்புக் கணக்கில் காணி அளக்கும் யாழ்ப்பாணத்தில் 50 ஏக்கர் வைத்திருப்பவர் எத்தனை பேர்? சில பரப்புகளை வைத்துக்கொண்டே சில குடும்பங்களை ஆட்டிப்படைக்கலாம் என்பதை அச்சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. இரு நல்ல சட்டங்களுக்கு இடையில் இருந்த இடுக்கில் நம் காணியற்றோர் விழுந்துபோயினர்.

1977இன் பின் காட்சி மாறியது. இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. 1979இல் தேசிய வீடமைப்பு அதிகார சபை அமைந்தது. 1984இல் பிரேமதாசாவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தது. அரசு வீடு கட்டித் தராது, கட்டுவோர்க்குச் சிறு கடன் தரும் என்பது அதன் அடிப்படை. உணவு மானியத்தை வெட்டிய ஆட்சியின் திட்டம் இது. செலவைக் குறைக்கும் நோக்கும் அதனுள் இருந்தது. ஆனாலும் அதிலிருந்து கற்க வேண்டிய ஒன்று உண்டு. கொழும்பின் சேரிகளில் குடியிருப்போரே சபைகூடி, பாதை எங்கே, கிணறு எங்கே, எல்லை எங்கே என்று முடிவு செய்தனர். வழமையான நகரவிதி ஒரு மனைக்குக் குறைந்தது 6 பேர்ச் கேட்டபோது, அவர்களுக்கு 2 பேர்ச் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. 2 பேர்ச் என்பது நம் ஊர்க் கணக்கில் ஒரு பரப்பின் ஐந்திலொன்று. அந்தத் துண்டு மண்ணில் உரிமை கிடைத்தது. விதி மனிதனுக்காக வளையக் கூடியதே என்பதற்கு அது சான்று. அந்நேரத்தில் வடபுலம் 1983இன் நெருப்பில் நின்றது. திட்டத்தின் ஓசை வந்தது. போர் அதன் பயனை வரவிடவில்லை.

போர் வீட்டை மட்டும் இடிக்கவில்லை. உரிமையின் சான்றையும் அழித்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வீட்டுரிமை பற்றிப் பேசும் தமிழன் அவ்வநீதியை விழுங்கிவிட்டுப் பேசுதல் அறமன்று. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சிப் பாதையில் இறங்கினர். திரும்பி வந்தபோது உறுதிப் பெட்டி சிலருக்கு இருந்தது, பலருக்கு இல்லை. உறுதியே ஒருநாளும் இருந்திராதவர்க்கு இழக்கவும் ஒன்றுமில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை.

2009இல் போர் முடிந்தது. 2010 நவம்பரில், கொழும்புத்துறைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள அரியாலையில் இந்திய வீடமைப்புத் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. முதலில் 1,000 வீடுகள். பின் 2012 ஒக்டோபர் முதல் வடக்கிலும் கிழக்கிலுமாகப் பல்லாயிரம் வீடுகள். வீடொன்றுக்கு 5,50,000 ரூபா தவணை தவணையாகப் பயனாளியின் கணக்குக்கே வந்தது. அவரே மேசனைப் பிடித்துக் கட்டினார். ஒப்பந்தகாரன் கையில் விடாத அம்முறை நல்லமுறை. ஆனால் கட்டுவதற்குக் காணி காட்ட வேண்டும். போருக்குப் பின் முகாம்களில் நீண்டகாலம் எஞ்சியிருந்தோரில் கணிசமானோர் சொந்தக் காணி இல்லாதோரே. கொடை கேட்டுப் போனவனிடம், வழமைப்படி, ஈடு கேட்கப்பட்டது போலாயிற்று.

பின்னர் 65,000 பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேல். உருக்குத் தகட்டுச் சுவர். நம் வெயிலுக்கும் வாழ்முறைக்கும் அது ஆகாது, அப்பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளரும் மக்களும் எதிர்த்தனர், அது கைவிடப்பட்டது. அதன்பின் வந்த மாதிரிக் கிராமங்களில் 2019இன் ஆட்சி மாற்றத்தோடு தவணைப் பணம் நின்றது. அத்திவாரத்தோடும் அரைச்சுவரோடும் நின்ற வீடுகள் கடன்பட்ட குடும்பங்களின் தலையில் ஏறின.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது யாது? வீட்டுப் பிரச்சினை என்று பெயர் சூட்டப்பட்டது, யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, காணிப் பிரச்சினையே. அதன் வேரில் சாதி இருக்கிறது. கொழும்பில் வரையப்படும் திட்டத்துக்கு அவ்வேர் தெரிவதில்லை. ஒழுங்கை ஒழுங்கையாகச் சோலைவரிப் பட்டியல் வைத்திருக்கும் மாநகர சபைக்கு அது தெரியாமலிருக்க நியாயமில்லை. எந்த வளவில் எத்தனை குடும்பம், எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆற்றல் அதற்குண்டு. வெறுங்காணிகளை இனங்காணலாம், அரசும் மாகாணமும் அவற்றை விலைகொடுத்துப் பெறுமாறு வற்புறுத்தலாம். 2 பேர்ச்சில் ஒரு மனை என்ற விதியை இங்கும் கோரலாம். உறுதியைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் எழுதச் செய்யலாம். பெற்ற மண் மறுநாளே தரகன் கைக்குப் போகாதபடி நிபந்தனை வைக்கலாம். இவற்றில் ஒன்றும் புரட்சியன்று. ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட, வாக்குச் சீட்டில் காணிக்காரனை மட்டும் காணும் சபை தானாகச் செய்துவிடாது.

ஆகவே இது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பணியுமாகும். தேசவழமையை வகுப்பில் நம் பெருமையாக மட்டும் கற்பிக்கிறோம். அது எவரை வெளியே வைத்தது என்பதையும் கற்பிப்போம். தேர்தற்காலத்தில் வீடு தருவோம் என்று படலையைத் தட்டுபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: எவன் காணியில்?