கோயிலும் குளமும் வரைந்த எல்லை

(வரலாற்றுத் தொடர்)

கி.மு. 7ஆம் ஆண்டில் அகஸ்டஸ் சீசர் ரோமை 14 வட்டாரங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் பல பேட்டைகள். கி.பி. 73இல் எடுத்த கணக்கின்படி தெருச்சந்திக் கோயில்கள் மட்டும் 265 இருந்ததாக மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சந்திகளில் காவல் தெய்வங்களுக்குச் சிறிய மாடங்கள் இருந்தன. அவற்றைப் பராமரித்தவர்களே பேட்டையின் அதிகாரிகள். அவர்களில் பெரும்பாலானோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட எளிய மனிதர்கள். திருவிழா நாளில் மட்டும் உயர்பதவியினருக்குரிய ஊதாக்கரை ஆடை உடுத்தி, இரண்டு காவலர் முன்னே நடக்க வலம்வரும் உரிமை அவர்களுக்குத் தரப்பட்டது. தீயணைக்கும் ஆட்களும் தொடக்கத்தில் அவர்கள் பொறுப்பிலேயே இருந்தார்கள். பூசைக் கடமை, ஊர்க் கடமை, ஒரு நாள் மரியாதை என்ற மூன்றையும் ஒரே ஆளிடம் சேர்த்துக் கொடுத்ததுதான் அகஸ்டஸின் நிர்வாகத் திறமை.

இதே முடிச்சை ரோமின் தொடர்பே இல்லாமல் போட்டுவைத்த ஓர் ஊர் நம்மிடம் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே, உள்விரிகுடாவின் கரையில் உள்ள தம்பலகாமம்.

பழைய திருகோணமலை நாட்டுக்கு நான்கு பகுதிகள்: பட்டினமும் அதன் சூழலும், கொட்டியாரப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று. ஒல்லாந்தர் காலத்தில் திருகோணமலைக்குப் பொறுப்பாக இருந்த வான் சென்டன் 1786இல் இந்தப் பகுதிகளைச் சுற்றி வந்து நாட்குறிப்பு எழுதினார். வயல், குளம், ஊர்த்தலைவர்கள், மக்கள் சொன்ன பழங்கதைகள் என்று எல்லாம் அதில் வருகின்றன. ஒல்லாந்தர் புதிதாக எதையும் பிரிக்கவில்லை. மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவுகள் எங்கிருந்து வந்தன?

கவிராச வரோதயன் பாடிய கோணேசர் கல்வெட்டைப் படித்தால் விடை கிடைக்கும். பெயரில் கல்வெட்டு என்றிருந்தாலும் அது ஏட்டில் வாழ்ந்த நூல். அதன் காலம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குளக்கோட்டன் என்ற மன்னன் திருகோணமலையின் கோணேசர் கோயிலைத் திருத்தி, கந்தளாய்க் குளத்தைக் கட்டி, வயல் நிலங்களைக் கோயிலுக்குக் கொடுத்து, தொழும்புக்கு, அதாவது கோயில் ஊழியத்துக்கு, குடிகளைக் கொண்டுவந்து இருத்திய வரலாற்றை அது சொல்கிறது. பக்தி நூலாக மட்டும் படிக்கிறவர்கள் அதில் பாதியைத் தவறவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு மாவட்டத்தின் கடமைப் பட்டியல். கோயில் ஊழியக் குழுக்களான தானத்தார் என்ன பார்க்க வேண்டும், வரிப்பத்தார் என்ன செய்ய வேண்டும், பூ எடுப்பது யார், மாலை கட்டுவது யார், விளக்கேற்றுவது யார், நெல் குற்றுவது யார் என்று வரிசையாக வருகிறது. வழக்கு வந்தால் தீர்க்க, மதுரையிலிருந்து வந்த தனியுண்ணாப் பூபாலன் மரபினர். தானத்தாரும் வரிப்பத்தாரும் தங்களுக்குள் பிணங்கிக்கொண்டால் கேட்க வெளியார் ஒருவர் வேண்டுமல்லவா? அதற்கான ஏற்பாடு அது. படிக்கும்போதெல்லாம் இந்த நுட்பத்தை எண்ணி நான் வியப்பதுண்டு.

குளக்கோட்டன் மரபுக்கு வெளியே, கந்தளாய்க் குளத்தின் தோற்றத்தைப் பாளி வரலாற்று நூல்கள் அநுராதபுர மன்னர்களோடு சேர்க்கின்றன. யார் கட்டியிருந்தாலும், அந்தக் குளத்து நீர்தான் தம்பலகாமத்து வயல்களில் பாய்ந்தது. வயலில் விளைந்த நெல்லில்தான் கோயில் நடந்தது. ஆகவே பற்றின் எல்லையை எவரும் நூல்பிடித்து அளந்து போடவில்லை. எதுவரை நீர் பாய்ந்ததோ, எந்தக் குடி கோயில் தொழும்புக்குக் கட்டுப்பட்டதோ, அதுவரை பற்று.

தம்பலகாமத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வயல்வெளி விரிந்து கிடக்க, இடையிடையே உயர்ந்த மேடுகளில் வீடுகள். நாயன்மார்திடல், சிப்பித்திடல், கள்ளிமேடு, பட்டிமேடு என்று ஊர்ப்பெயர்களே அதைச் சொல்கின்றன. நெல் விளையும் பள்ளத்தில் ஓர் அடி மண்ணைக்கூட வீட்டுக்கு விட்டுக்கொடுக்காமல், மனிதர்கள் மேட்டில் ஏறிக் குடியிருந்திருக்கிறார்கள்.

1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினான். தெய்வத் திருமேனிகளை அடியார்கள் மறைத்துக் கொண்டுபோய்க் காத்தார்கள் என்பதும், பின்னர் தம்பலகாமத்தில் கோயில் எழுந்தது என்பதும் மரபு. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆதரவும் அதற்குக் கிடைத்ததாகச் சொல்வார்கள். கோயிற்குடியிருப்பில் இன்று நிற்கும் ஆதிகோணநாயகர் கோயில் அதுதான். தலைமைக் கோயில் பறிபோன பிறகும் நிர்வாகம் பிழைத்துக்கொண்டது இப்படித்தான். தொழும்பு செய்கிறவர்களும் வயலும் குளமும் இங்கே இருந்ததால், தெய்வம் இங்கே வந்ததும் பழைய முறை மறுபடி ஓடத் தொடங்கியது. ரோமில் கி.பி. 64இல் பெருந்தீ எரிந்தபோது 14 வட்டாரங்களில் நான்கு மட்டுமே தப்பின என்கிறார் டாசிட்டஸ். எரிந்த பிறகும் அதே 14 வட்டாரங்களாகத்தான் ரோம் எழுந்தது. கட்டடம் போனாலும் ஏற்பாடு போவதில்லை.

ஆனால் ஏற்பாட்டையே பிடுங்கிவிட்டால்? 1832இல் ஆங்கிலேயர் இலங்கையில் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய ஊழியத்திலிருந்து மக்களுக்கு விடுதலை கிடைத்தது. அது நியாயமான சீர்திருத்தம், சந்தேகமே இல்லை. ஆனால் குளத்துக்கட்டில் மண் போடுவதும் வாய்க்கால் வெட்டுவதும் அதே ஊழியத்துக்குள்தான் அடங்கியிருந்தன. யாரும் வராத இடங்களில் குளங்கள் தூர்ந்தன. 24 ஆண்டுகள் கழித்து, 1856இல், ஆளுநர் ஹென்றி வார்ட் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து, வயல்காரர்களின் பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலிமை கொடுத்தார். வயலையும் நீர்ப் பங்கீட்டையும் கவனிக்கும் வட்டவிதானைமார் மறுபடியும் அதிகாரத்தோடு வயலில் இறங்கினார்கள்.

நிர்வாகப் பிரிவோ வேறு வழியில் போனது. 1833இல் கிழக்கு மாகாணம் உருவானது. 1946இல் பற்றுகளை ஆண்டுவந்த வன்னிபம், முதலியார் பதவிகள் போய், பிரிவுக் காரியாதிகாரிகள் வந்தார்கள். 1963இல் ஊர் விதானைமார் போய்க் கிராம சேவகர் வந்தார்கள். 1992ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிரதேச செயலாளர்கள் அதிகாரம் பெற்றார்கள். நான்கு பகுதிகளாக இருந்த திருகோணமலை மாவட்டத்தில் இன்று 11 பிரதேச செயலகங்கள். கந்தளாய் ஒன்று, தம்பலகாமம் வேறொன்று. குளம் ஓர் அலுவலகத்தின் எல்லையில். அந்த நீரைக் குடித்து விளையும் பழைய கோயில் வயல் இன்னோர் அலுவலகத்தின் எல்லையில்.

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் குளக்கட்டைப் பார்ப்பது பக்தியின் பகுதியாக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை, கந்தளாய்க் குளக்கரையில் மழைக்கும் விளைச்சலுக்கும் செய்யப்பட்டு வந்த வேள்வி நினைவூட்டும். ஆதிகோணநாயகர் கோயிலைச் சேர்ந்தவர்கள் தம்பலகாமத்திலிருந்து புறப்பட்டுப் போய் அதை நடத்தியிருக்கிறார்கள். கீழ்மடைக்காரன் தலைமடைக்குப் போய்க் குளத்தைக் கண்ணால் பார்த்துத் திரும்பும் முறை அது.

இப்போது பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் எப்போது மடை திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவுசெய்கிறார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் இரு பிரதேசத்து விவசாயிகளும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. கந்தளாயின் நீரளவைக் கேட்டுத் தம்பலகாமத்தார் தங்கள் விதைநெல்லை அளக்கிறார்கள்.