பசியும் அச்சமும்: 'பாதுகாப்பு' என்னும் சொல்லின் வரலாறு

அரபு மொழியில் அலிஃப், மீம், நூன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. அச்சமற்ற நிலையைக் குறிக்கும் 'அம்ன்', நம்பிக்கையைக் குறிக்கும் 'ஈமான்', ஒப்படைக்கப்பட்ட பொறுப்பைக் குறிக்கும் 'அமானத்' ஆகிய மூன்றும் ஒரு தாய் மக்களே. எனினும் எகிப்தில் 2011இல் கலைக்கப்பட்ட அரசுப் புலனாய்வுத் துறையின் பெயரிலும் இதே 'அம்ன்' இடம்பெற்றிருந்தது. அச்சம் நீக்க வேண்டிய சொல், மக்கள் அஞ்சும் ஒரு துறையின் பெயராயிற்று. பாதுகாப்பு என்பது யாருக்கு, எதிலிருந்து என்னும் வினாவை இம்முரண்பாடே நம்முன் வைக்கிறது.

'தேசியப் பாதுகாப்பு' என்னும் தொடர் இன்றுள்ள செல்வாக்கைப் பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னராகும். அமெரிக்கா 1947இல் அப்பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, தேசியப் பாதுகாப்பு மன்றத்தையும் மத்தியப் புலனாய்வு முகமையையும் நிறுவியது. அந்நாளில் ஆபத்து எனப்பட்டது பெரும்பாலும் அயல்நாட்டுப் படையே. காப்பு எனப்பட்டது ஆயுதமே. இத்தொடரின் பொருள் தெளிவற்றது என ஆர்னால்ட் வுல்ஃபர்ஸ் 1952இலேயே எச்சரித்தார். ஆயினும் பனிப்போரின் இரைச்சலில் அக்குரல் பரவலாகக் கேட்கப்படவில்லை.

எல்லையை மட்டும் காக்கும் பாதுகாப்பு எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்கு வங்காளம் ஒரு சான்று. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. எதிரிக்குப் பயன்படலாகாது எனக் கருதிய ஆங்கில அரசு, வங்கக் கடலோர மாவட்டங்களில் பல்லாயிரம் படகுகளை அப்புறப்படுத்தியது. அரிசி இருப்பையும் அகற்றியது. ஆறுகளே சாலைகளாக விளங்கிய அந்நிலத்தில் மீனவரும் உழவரும் பிழைப்பிழந்தனர். பர்மா அரிசியின் வரவு நின்றமை, அவ்வாண்டு அக்டோபரில் வீசிய புயல், போர்க்கால விலையேற்றம் ஆகியனவும் சேர, 1943இல் மூண்ட பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் பேர் மாண்டதாக ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். உணவு இல்லாமையினும், அதனை வாங்கும் ஆற்றலை ஏழைகள் இழந்தமையே முதன்மைக் காரணம் என அமர்த்தியா சென் 1981இல் விளக்கினார். ஜப்பானியர் வங்கத்தைக் கைப்பற்றவில்லை. ஆனால் வங்க மக்கள் காக்கப்படவுமில்லை.

1973இன் எண்ணெய்த் தடை, வல்லரசுகளும் ஆயுதமின்றியே அசைக்கப்படலாம் என்பதை உணர்த்தியது. 1983இல் ரிச்சர்ட் உல்மன், மக்களின் வாழ்க்கைத் தரத்தைத் திடீரெனத் தாழ்த்துவன யாவும் பாதுகாப்புச் சிக்கல்களே என வாதிட்டார். 1994ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மனித வளர்ச்சி அறிக்கையில் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூபுல் ஹக் (1934-1998) 'மனிதப் பாதுகாப்பு' என்னும் கருத்தை முன்வைத்தார். பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என ஏழு வகைகளை அது கொண்டிருந்தது. அதன் இரு தூண்கள், அச்சத்திலிருந்து விடுதலையும் வறுமையிலிருந்து விடுதலையும் ஆகும். பின்னர்ப் பாதுகாப்பு மன்றமே 2000 ஜனவரியில் எய்ட்ஸ் நோய் குறித்தும், 2007 ஏப்ரலில் பருவநிலை மாற்றம் குறித்தும் விவாதித்தது.

அவ்விரு தூண்களும் நமக்குப் புதியன அல்ல. பசிக்கு உணவளித்து அச்சத்திலிருந்து அபயமளித்த இறைவனை வணங்குமாறு குறைஷிகளுக்குத் திருக்குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. மக்காவுக்காக இறைஞ்சிய இப்ராஹீம் (அலை) அவர்கள் அபயத்தையும் கனிவளத்தையும் ஒரே துஆவில் இணைத்துக் கேட்டார்கள். அச்சமற்ற சூழல், உடல்நலம், அன்றைய உணவு ஆகிய மூன்றுடன் விழித்தெழுபவர் உலகனைத்தும் பெற்றவர் போன்றவர் என்னும் கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. இதனால், இன்றைய கோட்பாட்டை நம் முன்னோரே வகுத்துவிட்டனர் எனப் பெருமை பேசுவது வரலாற்று நெறியன்று. அவர்கள் எதனைப் பாதுகாப்பாகக் கருதிச் செயற்பட்டனர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

ஹிஜ்ரி 18 (கி.பி. 639) அத்தகைய சோதனை ஆண்டு. மழை பொய்த்து ஹிஜாஸ் மண் சாம்பல் நிறமானதால் அது 'சாம்பல் ஆண்டு' எனப் பெயர் பெற்றது. கலீஃபா உமர் (ரலி) ஆளுநர்களுக்கு மடல் எழுதி உணவு கோரினார்கள். ஷாமிலிருந்து அபூ உபைதா (ரலி) 4,000 ஒட்டகச் சுமை உணவு கொண்டுவந்ததாகத் தபரீ எழுதுகிறார். கலீஃபா தாமும் நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்தார்கள். ஸகாத் வசூலை ஒத்திவைத்தார்கள். பசியால் திருடியோர்மீது கைவெட்டும் தண்டனையை நிறைவேற்றவில்லை. அதே காலத்தில் ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அந்நிலம் நோக்கிச் சென்ற உமர் (ரலி), தோழர்களுடன் கலந்தாய்ந்து ஸர்ஃகிலிருந்து திரும்பினார்கள். பாரசீகத்துடனும் ரோமப் பேரரசுடனும் போர் ஓயாத அந்நாளிலும் பஞ்சமும் நோயும் ஆட்சியின் முதற் கவலைகளாயின.

பின்வந்த இமாம் மாவர்தீ (இறப்பு ஹி. 450) உலகியல் வாழ்வு சீர்பெறுதற்கான ஆறு அடிப்படைகளுள் பொது அபயத்தையும் நிலைத்த செழிப்பையும் நீதியையும் சேர்த்தெண்ணினார். உடல்நலமும் உணவும் உடையும் உறைவிடமும் அபயமும் இன்றி மார்க்க ஒழுங்கே நிலைபெறாது என இமாம் கஸ்ஸாலீ (இறப்பு ஹி. 505) எழுதினார்.

எனினும் பொருள் விரிவதிலும் ஓர் ஆபத்துண்டு. நோயும் அகதியும் உணவும் பாதுகாப்புப் பட்டியலில் ஏறும்போது, அவற்றைக் கையாளும் அரசு நெருக்கடிக்கால மொழியில் பேசத் தொடங்குகிறது; வினவுவோர் ஐயத்திற்குரியோர் ஆகின்றனர். ஓலே வேவர் 1995இல் எழுப்பிய எச்சரிக்கை இதுவே. 2012இல் ஐ.நா. பொதுச்சபை, மனிதப் பாதுகாப்பு என்பது படைவலியைப் பயன்படுத்துவதற்கான அனுமதியன்று எனத் தெளிவுபடுத்தியதும் இதனாலேயே. 2020 மார்ச்சில் நோய்த்தடுப்புக்காக ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, வேலையும் ஊர்தியுமின்றி நெடுஞ்சாலைகளில் நடந்த தொழிலாளரை நாம் கண்டோம். ஒரு காப்பு மற்றொன்றை மறந்ததன் விளைவு அது.

ஆகவே, பட்டியலின் நீளம் மட்டும் அளவுகோலாகாது. சாம்பல் ஆண்டில் உமர் (ரலி) திருடியவனைக் குற்றவாளியாக மட்டும் காணவில்லை, பசித்தவனாகக் கண்டார்கள். அந்தப் பார்வையே அளவுகோல். குடிமகனை ஐயத்திற்குரியவனாகக் காணும் 'அம்ன்' புதிய அச்சத்தையே விளைவிக்கும். குடிமகனின் உயிரையும் உணவையும் மானத்தையும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட 'அமானத்' என அரசு உணரும்போதே, அச்சொல் தன் வேரோடு மீண்டும் சேரும்.